மலைவளைவில் கேட்காத ஹாரன்

ஹெஸ்பீரியா, கலிபோர்னியா
1994 மே 9

ஆர்லன்,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு நான் கடைசியாகக் கடிதம் போட்டது நீ ராணுவத்தில் இருந்தபோது. அப்போதும் நீ பதில் எழுதவில்லை.

போன வாரம் ஹெக்டரைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். அன்று எஞ்சினில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தானே. "எங்கண்ணன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். "நீடில்ஸுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். உன்மேல கொலவெறில இருக்கான்" என்றான். சொன்ன பிறகுதான் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று அவனுக்கு உறைத்தது. பெட்ரோல் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான், பாவம்.

எதற்காக வெறி என்று எனக்குத் தெரியும். அந்த விசாரணை அறையில் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாகவோ நீ கேட்க வேண்டாம். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் உங்கள் ரயில் கம்பெனி ஆள், இன்னொருவர் மாவட்டத்து ஆள். நான் எங்கே நின்றேன், லைல் எங்கே நின்றான், வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் மாவட்டத்து ஆள், "ஹாரன் சத்தம் கேட்டுச்சாம்மா?" என்றார். "கேக்கல" என்றேன்.

அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஆறிய பிறகு தொட்டியில் கொட்டினேன்.

லைலை உனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக நான் அவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "உன் தபால்காரன்" என்பாய். எங்கள் தெருவுக்குத் தபால் போடுகிறவன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் கணவாய்க்குப் போவோம். அவனுடைய பழைய பிக்கப் வண்டி, இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி. ஏற்றத்தில் மூச்சுவாங்கி ஏறும் சரக்கு ரயில்களைப் படமெடுப்போம். சாயங்காலம் அவன் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போவான். சில சனிக்கிழமைகளில் போகமாட்டான். எங்களுக்குள் என்ன என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் பதினாறாம் தேதி அவன் உன் ரயிலில் அடிபட்டுச் செத்தான். நான் மேலே சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

வெர்னா


நீடில்ஸ்
மே 20

வெர்னா,

ஊதினேன்.

வேறு எதுவும் எழுதாமல் இந்த ஒரு வார்த்தையை மட்டும் உறையில் போட்டு அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ விளக்கமாக எழுதியிருக்கிறாய். நானும் விளக்கமாகவே சொல்லுகிறேன்.

வளைவுக்குள் நுழையும்போதே ஊதினேன். அங்கே ஊத வேண்டும் என்று விதி இல்லை, எதிர்ப் பாதையில் ஏறும் ரயிலின் எஞ்சின்கள் தெரிந்ததால் ஊதினேன். வளைவு திரும்பியதும் அவனைப் பார்த்தேன். என் பாதையின் ஓரத்தில், தண்டவாளக் கட்டைகளின் முனையில் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு கையை எடுக்கவே இல்லை. அவசர பிரேக்கைப் போட்டேன். எனக்குப் பின்னால் ஒரு மைல் நீளத்துக்குச் சோளமும் இரும்பும் இறங்கிக்கொண்டிருந்தன. அது நிற்கும் இடத்தில்தான் நிற்கும். ஹெக்டர் "திரும்புடா, திரும்புடா" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை.

அந்த எஞ்சின் பழசு. அதில் இருக்கும் பதிவுக் கருவி வேகத்தையும் பிரேக்கையும் குறித்துவைக்கும், ஹாரனைக் குறிக்காது. அதனால் நான் ஊதினேன் என்பதற்கு என் வாய், கூட வந்த கண்டக்டர் ஹெக்டரின் வாய், இவ்வளவுதான் சாட்சி. "டிரைவரும் கண்டக்டரும் வேறென்ன சொல்லுவாங்க?" என்று கம்பெனி ஆளே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "தங்கச்சியே கேக்கலைங்குறாங்களே."

இருபத்திரண்டு வருஷம் அந்த மலையில் ஓட்டியிருக்கிறேன். ஒரு சொல்லில் முடித்துவிட்டாய்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. "ஞாபகமில்ல" என்று சொல்லியிருக்கலாம். அந்த நிலைமையில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? யாரும் உன்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆர்லன்


ஹெஸ்பீரியா
ஜூன் 4

ஆர்லன்,

ஞாபகம் இருக்கிறது. அதுதான் சங்கடம். ஒன்றுவிடாமல் இருக்கிறது.

மேலே ஏறிக்கொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் ஐந்து எஞ்சின், பின்னால் தள்ளுவதற்கு இரண்டு. நடந்து போகிறவன் முந்திவிடுவான், அவ்வளவு மெதுவாக ஏறியது. அந்த இடத்தில் இரண்டு பாதைக்கும் இருபுறமும் மலையை வெட்டியிருக்கிறது, உனக்குத் தெரியும். சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். என் காலுக்குக் கீழே கற்கள் அதிர்ந்தன. லைல் வழக்கமாக வேலிக்கு வெளியேதான் நிற்பான். அன்று வெயில் மறுபக்கம் அடித்ததால் இரண்டு தடத்தையும் தாண்டிப் போய் நின்றான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்தான். நானும் என் கேமராவைக் கண்ணில் வைத்தேன். எடுத்தபோது கீழே உன் எஞ்சின் இருந்தது.

நடுவில் எந்த ஹாரன் சத்தமும் இல்லை. இருந்திருந்தால் சொல்லமாட்டேனா? எனக்கு மட்டும் என்ன ஆசை?

என் பிலிமை மாவட்டத்து ஆட்கள் வாங்கிக் கழுவினார்கள். ஏறும் ரயில் மட்டுமே எல்லாப் படத்திலும் இருந்தது. ஒன்றுக்கும் உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

லைலின் அக்கா மார்லிஸ் மினசோட்டாவிலிருந்து வந்திருந்தாள். அவனுக்கு வேறு யாரும் இல்லை. உயரமான பெண்மணி, அறுபது வயது இருக்கும், நம்மூர் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். வந்ததும் என் சமையலறையில் உட்கார்ந்து, "நீதான் வெர்னாவா? அவன் கிறிஸ்துமஸ் கார்டுல உன் பேரும் போட்டிருப்பான்" என்றாள். எனக்கு அது தெரியாது.

"ஹாரன் அடிச்சாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா" என்றாள்.

"எனக்குக் கேக்கல."

"அப்ப அடிக்கல."

"அப்படிச் சொல்லலீங்க. எனக்குக் கேக்கலன்னு சொல்றேன்."

"ஓட்டினது உன் அண்ணனாமே."

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பக்கமும் போச்சா உனக்கு" என்றாள். பிறகு எழுந்து, தொட்டியில் கிடந்த என் பாத்திரங்களையெல்லாம் கழுவினாள். நான் தடுக்கவில்லை. பல நாள் பாத்திரம் அது.

நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நான் இன்னும் சனிக்கிழமைகளில் மலைக்குப் போகிறேன். அதே இடத்தில் நிற்கிறேன். ரயில் வந்தால் கேமராவைத் தூக்கி அழுத்துகிறேன். அதில் பிலிம் இல்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் அதைக் கவனித்தேன். கவனித்த பிறகும் போடவில்லை.

வெர்னா


நீடில்ஸ்
ஜூன் 19

வெர்னா,

பிலிம் இல்லாமல் எதற்குப் போகிறாய்? உனக்கு வேலை இல்லையா?

நீ சமைக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள் என்று இப்போதுதான் நினைவு வந்தது.

இங்கே நாற்பத்தாறு டிகிரி. எஞ்சின் கைப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. பெரும்பாலும் சமவெளி ஓட்டம். "மலைக்காரரே, இங்க தூங்கிக்கிட்டே ஓட்டலாம், சேந்ததும் எழுப்பிவிடுறோம்" என்று ரயில் யார்டில் கிண்டல் செய்கிறார்கள். எதற்காக வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

கம்பெனி மூன்று நாள் விடுப்பு கொடுத்தது. ஒரு மருத்துவரிடம் அனுப்பினார்கள். கனவு வருகிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். தூக்கம்? நன்றாகத்தான் தூங்குகிறேன். சாப்பாடு? சாப்பிடுகிறேன். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

உண்மையிலேயே நன்றாகத் தூங்குகிறேன் வெர்னா. படுத்தால் விடியும். ஒரு மனுஷன் மேல் ரயிலை ஏற்றியவனுக்கு இப்படித் தூக்கம் வரலாமா? தினமும் ஒரே ஹாம் சாண்ட்விச் வாங்குகிறேன். ஒருநாள் கடைக்காரி மாற்றி டூனா மீன் வைத்துவிட்டாள். முழுவதும் தின்று முடித்த பிறகு அவள் வந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி எழுதாதே. எழுதினால் பதில் போட வேண்டியிருக்கிறது.

ஆர்லன்


ஹெஸ்பீரியா
ஜூலை 23

ஆர்லன்,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். இப்போது ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அது உன்னைப் பற்றியது என்பதால் சொல்லாமல் இருக்கக் கூடாது.

மார்லிஸ் ஊருக்குப் போய் ஒரு வக்கீலை வைத்திருக்கிறாள். அவர் இங்கே ஓர் இளைஞரை அனுப்பினார். நல்ல பையன்தான், ஷூவில் மண் பட்டுவிட்டதே என்று வாசலிலேயே துடைத்துக்கொண்டிருந்தான். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான். படித்தேன். "ஹாரன் ஒலிக்கப்படவில்லை" என்று இருந்தது.

"நான் இப்படிச் சொல்லல தம்பி. எனக்குக் கேக்கலன்னுதான் சொன்னேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"எப்படி ஒண்ணாகும்? இப்ப எங்கண்ணன் நீடில்ஸ்ல என்னைத் திட்டிக்கிட்டு இருப்பான். எனக்குக் கேக்குதா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரித்தது தப்போ என்று முகத்தை மாற்றிக்கொண்டான். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அடிக்கக் கூடாதாம். அப்படியானால் கையெழுத்து இல்லை என்றேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்ப வருவான்.

இதை உனக்காகச் செய்யவில்லை. மே மாதம் நீ எனக்கு எழுதினாயே, "ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம்" என்று, அதற்கு நான் இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்க வேண்டும். கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க உன்னை வெறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சின்ன வயதில் நீ செய்த அக்கிரமங்களையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டேன். மதியத்துக்குள் சலித்துப்போய் டிவி போட்டுவிட்டேன்.

லைலின் பிக்கப் வண்டியை அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். குளிர்பெட்டி உள்ளேயே இருந்தது. ஏப்ரல் மாதத்து முட்டை சாலட் சாண்ட்விச் இரண்டு அதில் இருந்தது. திறந்தேன், பெட்டியோடு குப்பையில் போட்டேன், கையைக் கழுவினேன். மூக்கில் நாற்றம் ஏறியது தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். நீ ஒருமுறை வந்து அங்கே நின்று பார். நான் நின்ற இடத்தில். நீ ஊதியது உண்மை என்றால், எனக்குக் கேட்காததும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கினால்தான் இந்த விஷயம் முடியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீயும்தான்.

வெர்னா


நீடில்ஸ்
ஆகஸ்ட் 2

வெர்னா,

முடியாது.

அந்த மலையை இருபத்திரண்டு வருஷம் உள்ளேயிருந்து பார்த்தாகிவிட்டது. வெளியே நின்று பார்க்க எனக்கு என்ன இருக்கிறது?

கையெழுத்துப் போடாததற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

ஆ.


நீடில்ஸ்
ஆகஸ்ட் 28

வெர்னா,

நீ பதில் எழுதவில்லை. சரிதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும், ஹெக்டரும் பக்கத்தில் இல்லை.

அம்பாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மண் சாலை தண்டவாளத்தைக் கடக்கிறது. கதவு கிடையாது, ஒரு பலகை மட்டும். தூரத்திலேயே ஒரு வாடகை லாரி புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. எங்கள் வேகத்துக்கும் அதன் வேகத்துக்கும் இருவரும் சேர்ந்துதான் அந்த இடத்துக்கு வருவோம். ஹாரன் பொத்தான் மேல் கை இருக்கிறது. கையைப் பார்க்கிறேன். அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்று தெரிகிறது, வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை மாதிரி இருக்கிறது. ஊதினாலும் கேட்காது, பிறகு எதற்கு ஊத வேண்டும் என்று நிதானமாக, ரொம்ப நிதானமாக ஒரு யோசனை ஓடுகிறது.

என்னோடு வந்த கண்டக்டர் புதியவன், பெயர் டார்னெல். எட்டி என் கையின் மேலேயே அடித்து அழுத்தினான். லாரிக்காரன் நின்றான். உள்ளே ஒரு பெண், பின்னால் மெத்தையும் நாற்காலிகளும். வீடு மாற்றிப் போகிறார்கள் போல. கடக்கும்போது அவன் தொப்பியைக் கழற்றி எனக்கு ஆட்டினான்.

"என்னாச்சு சார்?" என்றான் டார்னெல்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம எப்படி? கை வலிக்குதா?"

"வலிக்கல."

"அந்த மலை விஷயமா?"

பார்ஸ்டோவ் போய்ச் சேரும்வரை அவன் தன் கையை என் பக்கத்து ஹாரன் பொத்தானுக்கு அருகிலேயே வைத்திருந்தான். இறங்கியதும் நானே அதிகாரியிடம் போய், கொஞ்ச நாள் என்னை ஓட்ட விடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். டார்னெலைப் புகார் சொல்ல வைக்க வேண்டாம் என்று.

இப்போது அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. ஓடுகிறது. இன்னமும் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

ஆர்லன்


ஹெஸ்பீரியா
செப்டம்பர் 3

ஆர்லன்,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு சமையலறையில் இருக்க வேண்டும். முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. கிளறிக்கொண்டே உன் கடிதத்தைப் பற்றி நினைத்தேன். பயமாக இருந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

நீ ஓட்டுவதை நிறுத்தியது நல்லது. தனியாக அந்த அறையில் இருக்காதே. இங்கே வா. மலைக்குப் போக வேண்டாம், பேசவும் வேண்டாம். சோபா இருக்கிறது. உன் முதுகுக்கு ஒத்துவராது, ஆனால் இருக்கிறது.

வெர்னா


விக்டர்வில், ஒரு மோட்டல்
செப்டம்பர் 15

வெர்னா,

உன் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் சொன்னால் நீ லீவு போட்டுவிட்டு வருவாய், நீ பக்கத்தில் நின்றால் நான் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். அதனால் தனியாகப் போனேன்.

ஹெக்டரிடம் வயர்லெஸ் கேட்கும் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டேன், உங்களைப் போன்ற ரயில் பைத்தியங்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு அலைவீர்களே, அது. சரிவில் நீ நின்ற இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாற்காலிக் கால்கள் பதிந்த குழிகள் அப்படியே இருந்தன, இரண்டு நாற்காலிக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் எதுவும் சரியாக அமையவில்லை. ஏறும் ரயில் வந்தால் இறங்குவது வரவில்லை, இறங்குவது வந்தால் தனியாக வந்தது. தனியாக வந்தபோது ஹாரன் நன்றாகக் கேட்டது, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. எனக்கு உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பொய்க்காரி என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு மலைவெயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பல்லி வந்து என் ஷூவின் நிழலில் படுத்துக்கொண்டது.

நேற்று பதினோரு மணி வாக்கில் கீழேயிருந்து ஒரு கனமான ரயில் ஏறத் தொடங்கியது. அது வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காலில் தெரிந்தது. அந்த நேரம் வயர்லெஸ்ஸில் டெல்பர்ட்டின் குரல். மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். டெல்பர்ட் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், ஏப்ரலுக்குப் பிறகு அந்த வளைவில் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஊதிக்கொண்டுதான் இறங்குகிறார்கள் என்று ஹெக்டர் சொல்லியிருந்தான். சரி, இப்போது கேட்கும் என்று எழுந்து நின்றேன்.

ஏறும் எஞ்சின்கள் மலைவெட்டுக்குள் நுழைந்தன. வெர்னா, அந்தச் சத்தத்துக்குள்தான் நான் என் ஆயுளில் பாதியைக் கழித்திருக்கிறேன். உள்ளே கண்ணாடி ஏற்றி, காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருப்போம். வெளியே அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பல் அதிர்ந்தது. வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்தினாலும் ஒரு வார்த்தை புரியவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரனுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன்.

டெல்பர்ட்டின் எஞ்சின் எனக்கு நேர் கீழே வந்துவிட்டது. சத்தமில்லாமல், யாரோ ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தமாதிரி. அவன் ஜன்னலில் என்னைப் பார்த்தான். கையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை.

ஏறும் ரயில் போய் முடிந்து, பின்னால் தள்ளும் எஞ்சின்களும் போன பிறகு, பெட்டியில் அவன் குரல் வந்தது. "ஆர்லன், அது நீதானாடா? என்னடா பேயப் பாத்தமாதிரி நிக்குற? வளைவு பூரா ஊதிக்கிட்டுத்தான வந்தேன், காது கிழிஞ்சிருக்குமே!"

என்னிடம் பேசும் கருவி இல்லை, கேட்கும் பெட்டி மட்டும்தான். ஆனாலும் அதை வாயருகே வைத்துக்கொண்டு, "கேக்கல டெல்பர்ட், கேக்கவே இல்ல" என்று சொன்னேன். பலமுறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நீ நின்ற இடத்திலேயே இப்படி. லைல் கீழே தண்டவாளத்தின் ஓரத்திலேயே அல்லவா நின்றிருக்கிறான்.

நான் ஊதினேன். உனக்குக் கேட்கவில்லை. அவனுக்கும் கேட்கவில்லை. இதை நான் இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயார், யார் கேட்டாலும்.

நேற்று இரவு தூங்கவில்லை. விடியும்வரை மோட்டல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஆர்லன்


ஹெஸ்பீரியா
செப்டம்பர் 18

ஆர்லன்,

மோட்டலுக்கு ஓடிவந்தேன். நீ காலி செய்துவிட்டுப் போயிருந்தாய். வரவேற்பறைப் பெண், "உங்க அண்ணனா? ராத்திரி பூரா வெளியவே உக்காந்திருந்தாரு, போர்வை கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள். அவளுக்கு நன்றி சொன்னேன்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். மார்லிஸுக்குப் போன் போட்டு உன் கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டினேன். பொய்க்காரி என்றதையும் விடவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "இருக்கேன், வாசி" என்றாள்.

முடித்த பிறகு, "அப்ப அவன் பயப்படல" என்றாள்.

"என்னங்க?"

"ஹாரன் அடிச்சிருந்தா அவன் கேட்டிருப்பான், திரும்பிப் பாத்திருப்பான், ஓட முடியாதுன்னு தெரிஞ்சிருக்கும். அடிச்சும் திரும்பலன்னா வேணும்னே நின்னானோன்னு... நான் அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன். உங்கிட்ட எப்படிக் கேக்குறது அத?"

ஆர்லன், எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்து மாதமாக அவள் அந்தக் கேள்வியைத்தான் ஹாரன் ஹாரன் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொன்னேன்: "இல்லீங்க. எனக்குக் கட்டைவிரலக் காட்டினான். வெயில் நல்லா விழுந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் படம் எடுத்துக்கிட்டிருந்தான்." அவள் அழுதாள். சத்தமாக, வெட்கமில்லாமல், ஒரு வயதான பெண் அழும்போது கேட்கவே கஷ்டமாக இருக்குமே, அப்படி. நான் அழவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீலை நிறுத்திவிடுகிறேன் என்றாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள்: "அந்த மனுஷனத் தூங்கச் சொல்லு."

போனை வைத்த பிறகு பசித்தது. மக்ரோனி மணத்தோடு வீட்டுக்கு வந்து, தட்டையும் எடுக்காமல் படுத்துவிடுகிறவள் நான். முட்டை இரண்டு பொரித்தேன். நின்றுகொண்டே தின்றேன். உப்பு அதிகம் போட்டுவிட்டேன், அது நாக்கில் தெரிந்தது. இன்னும் இரண்டு பொரித்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வா. இந்தமுறை மோட்டல் கீட்டல் என்று போனாயானால் தேடிவந்து உதைப்பேன்.

வெர்னா


நீடில்ஸ்
செப்டம்பர் 21

வெர்னா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். பீன்ஸ் மட்டும் செய்யாதே.

மார்லிஸ் சொன்னதைப் படித்தேன். பதிலுக்கு அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. நீ ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடு, என் பேரில்.

அக்டோபரில் திரும்ப ஓட்ட அனுமதிப்பார்கள் போலிருக்கிறது. டார்னெல் என்னோடு வருவதாக அவனே கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஒரு உதவி. ஒன்பது வருஷத்தில் அந்த மலையில் லைலை நூறு தடவையாவது கடந்திருப்பேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு கேமராதான் தெரியும், முகம் தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது முதுகு. நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ படம் எடுத்திருப்பீர்கள். அதில் அவன் முகம் இருக்கும் படம் ஏதாவது இருந்தால் எடுத்து வை. சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுகிறேன்.

ஆர்லன்